காரைக்காலில் மூன்று மாப்பிள்ளைகளும் ஒரு ராணுவத் தளமும்

வெள்ளிக்கிழமை, காலை 5.40. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் கும்பகோணம் வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கையில் ஒரு பை, பைக்குள் இரண்டு புடவை, சுலைகாவுக்கு ஒரு கிலோ மணப்பாறை முறுக்கு. இருபத்தாறு வருஷமாக ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். வல்லரசுகள் கூட்டாளிகளை எப்படிச் சேர்க்கின்றன, எப்படிக் கட்டிவைக்கின்றன என்பது என் சொந்தக் கோட்டை. அந்தப் பாடத்துக்காக ஒருவர் என்னை ஊருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. கூப்பிட்ட விதம்தான் நன்றாக இல்லை.

சுலைகா என்னோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். புதன்கிழமை போன் செய்தாள். அவளுடைய மூன்றாவது மாப்பிள்ளை ஹாஜா வளைகுடாவில் ஓர் அமெரிக்க ராணுவத் தளத்தில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். எந்த நாடு என்று எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அவர் விமானம் ஏற வேண்டும். "அவரு போகணுமா வேணாமான்னு நீ நேர்ல வந்து சொல்லு கமலி. நீ சொல்லித்தானே நான் இப்புடியெல்லாம் சம்மந்தம் பேசுனேன்," என்றாள். நான் என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை 8.50. கும்பகோணத்தில் இரண்டு இட்லி, ஒரு டிகிரி காபி. காரைக்கால் பேருந்து நாச்சியார்கோவில், பூந்தோட்டம் வழியாகப் போகிறது. சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநருக்குத் தெரிந்தவர் யாராவது நிற்கிறார்கள். பக்கத்து இருக்கையில் திருநள்ளாறு போகிற ஒரு குடும்பம். சனிப்பெயர்ச்சி முடிந்தும் சனி விடவில்லை என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டார். எனக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டார். தோழி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்து நம்பின மாதிரி தெரியவில்லை.

அம்பகரத்தூரில் புதுச்சேரி மாநிலம் ஆரம்பம். வயல் அதே வயல், வாய்க்கால் அதே வாய்க்கால். பெயர்ப்பலகையில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று வருவதும், பெட்ரோல் பங்க்கில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையில் நிற்பதும்தான் எல்லை தாண்டியதற்கு அடையாளம். அரசாங்கங்கள் காகிதத்தில் போட்ட கோடு நெல்லுக்குத் தெரியாது என்று வகுப்பில் அடிக்கடி அழகாகச் சொல்வேன். அன்றைக்கு ஜன்னலில் பார்த்தபோதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், எனக்கே பிடித்திருந்தது. அவ்வளவு மிதப்பு.

காலை 11.05. காரைக்கால் பேருந்து நிலையம். என்னை அழைத்துப்போக சுலைகா தன் தெரு முனையில் நிற்கும் ஆட்டோவை அனுப்பியிருந்தாள். ஓட்டுநர் பெயர் செல்வம், முப்பது வயது இருக்கும், ஊர் பட்டினச்சேரி. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை ஒரு தடவை பிடித்துக்கொண்டு போய், திரும்பி வந்ததிலிருந்து அவர் மனைவி கடல் பக்கமே விடுவதில்லையாம். இந்த ஆட்டோ வாடகைக்கு ஓட்டுவது. பாஸ்போர்ட் எடுத்து இரண்டு வருஷமாகப் பெட்டியில் சும்மா இருக்கிறது, எங்கேயாவது கூப்பிட்டால் போவதற்குத் தயார் என்றார். பாரதியார் சாலை நெரிசலில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தினார். அந்த நேரத்தில் செல்வம் எதிரே பூட்டியிருந்த ஒரு மாடி வீட்டைக் காட்டினார்.

"அது சொல்தா வீடுங்க டீச்சர்," என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அந்த மனிதர் இறந்துவிட்டார். பிள்ளைகள் பாரீஸில். "இருந்த வரைக்கும் அந்த ஊரு கவர்மெண்டு அவரைக் கையில வச்சுத் தாங்குச்சு. ஒரு நாட்டு ராணுவத்துக்கு வேல பார்த்தா அவங்க விட்ற மாட்டாங்கல்ல?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அப்போதும் இறங்கியிருக்கவில்லை.

காலை 11.30. சுலைகாவின் வீடு பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு நீளமான தெருவில். இந்தத் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சுலைகா மூன்று பெண்களைப் பெற்றவள். வீட்டை நீளவாக்கில் மூன்றாகத் தடுத்து ஆளுக்கொரு பங்கு கொடுத்திருக்கிறாள். மூன்றுக்கும் சேர்ந்து ஒரு கூடம், ஒரு சமையலறை. அவள் கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வீட்டில் எதிலும் தலையிடாத மனிதர், இந்தக் கட்டுரையிலும் தலையிடமாட்டார்.

கட்டிப்பிடித்துக்கொண்டாள். சுடச்சுட இறால் வாடா, அரிசிமாவில் இறால் வைத்துப் பொரித்த வடை, ஒரு தட்டு நிறைய வந்தது. சாப்பிட்டு முடிக்கிற வரை ஊர்க்கதை பேசினாள். தட்டை எடுத்துவைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

நாங்கள் இரண்டாம் வருஷம் படித்தபோது குவைத்துக்குள் ஈராக் ராணுவம் புகுந்தது. சுலைகாவின் வாப்பா, தாய்மாமா, அண்ணன் மூன்று பேரும் குவைத்தில் ஒரே கடையில் இருந்தார்கள். மூவரும் கட்டின கைலியோடு வந்து சேர்ந்தார்கள். சுலைகா படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனாள். விடுதி வாசலில் அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிவிட்டவள் நான்தான். அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். தன் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் ஒரே நாட்டில் இருக்கக்கூடாது.

மூத்த மாப்பிள்ளை குவைத். இரண்டாவது பெண்ணுக்கு பஹ்ரைன் வரன் வந்தபோது, ஏழெட்டு வருஷம் முன்பு, எனக்குப் போன் செய்து கேட்டாளாம். ஒரு நாட்டில் சண்டை வந்தால் பக்கத்து நாட்டுக்கும் பரவுமா, நீதான் இதையெல்லாம் படித்தவளாச்சே என்று. நான் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லச்சொல்ல எனக்கு என் குரலே கேட்டது.

அது என் வகுப்புப் பாடம்தான். ஐரோப்பாவில் அமெரிக்கா கட்டிவைத்திருப்பது ஒரே கூரை. ஒரு நாட்டை அடித்தால் எல்லாரையும் அடித்ததாக எடுத்துக்கொள்வோம் என்று எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆசியாவில் அப்படி இல்லை. ஜப்பானோடு தனி ஒப்பந்தம், தென்கொரியாவோடு தனி, பிலிப்பைன்ஸோடு தனி. வளைகுடாவிலும் குவைத்தோடு தனி, பஹ்ரைனோடு தனி, மற்றவர்களோடும் தனித்தனி. கரும்பலகையில் ஒரு வண்டிச் சக்கரம் வரைவேன். அச்சு நுழைகிற நடுக்குடம் அமெரிக்கா, ஆரக்கால்கள் நாடுகள். ஆரக்கால்கள் ஒன்றையொன்று தொடாது. சேர்ந்து நின்றால் சேர்ந்து பேரம் பேசுவார்கள், தனியாக நின்றால் ஒவ்வொருவரும் நடுவில் இருப்பவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று காரணமும் சொல்வேன். சுலைகாவிடமும் அதையே சொல்லி, தனித்தனி நாடு என்றால் தனித்தனி விதி, தைரியமாகக் கொடு என்று முடித்திருக்கிறேன்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மூன்றாவது பெண் சபீராவுக்கு என்னைக் கேட்கக்கூட இல்லை. குவைத்தும் பஹ்ரைனும் இல்லாத மூன்றாவது நாடாகப் பார்த்து ஹாஜாவை முடித்தாள். தெருவில் நான்கு குடும்பங்களுக்கு இதே யோசனையைச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறாள்.

சுலைகா தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். மாப்பிள்ளைகள் மூவரும் இருக்கும் வாட்ஸப் குழு. சில மாதம் முன்பு, அமெரிக்காவோடு பகையான ஒரு நாடு ஹாஜா இருந்த தளத்தின் மேல் ஏவுகணை விட்ட சாயங்காலத்துச் செய்திகள். குவைத்திலிருந்து: வானத்தை மூடிவிட்டார்கள், விமானம் இல்லை. பஹ்ரைனிலிருந்து: வானத்தை மூடிவிட்டார்கள், விமானம் இல்லை. ஹாஜாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

"மூணு நாடு பார்த்துக் கொடுத்தேன். மூணும் ஒரே சாயங்காலம் பூட்டிக்கிச்சு. எப்புடி கமலி?" என்றாள்.

அந்தச் செய்தியை நானும் டிவியில் பார்த்தேன். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசவும் செய்தேன். அப்போதுகூட என் சக்கரத்தில் இருந்த ஓட்டை எனக்கு உறைக்கவில்லை. ஆரக்கால்கள் ஒன்றையொன்று தொடவில்லை என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே குடத்தில்தான் செருகியிருக்கின்றன என்பதை ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு யோசனை சொன்னபோது நினைக்கவே இல்லை. நடுக்குடத்தை அடிக்க நினைக்கிறவனுக்கு அது தூரத்தில் இருக்கிறது. கைக்கு எட்டுகிற ஆரக்காலை அடிப்பான், எல்லாம் சேர்ந்து அதிரும். இதைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் தேவையில்லை. இரண்டு வரிச் செய்தியைப் பார்த்து சுலைகாவுக்குப் புரிந்துவிட்டது.

பிற்பகல் 3.00. ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஹாஜா கூடத்தில் என் எதிரே உட்கார்ந்தார். மெலிந்த பையன், இருபத்தெட்டு வயது. இந்த வீடுகளில் மாப்பிள்ளை மாமியாரோடு முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை. வெளிநாட்டிலிருந்து போனில் எல்லாம் பேசுவார்கள், ஒரே கூரைக்குக் கீழே வந்ததும் வாய் மூடிவிடும். அதனால் சுலைகா உள்வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சபீரா கணவருக்குப் பக்கத்தில், மடியில் ஒன்றரை வயதுப் பெண்.

ஹாஜா நிதானமாகச் சொன்னார். சிப்பாய்கள் அழுக்குத் துணியை நம்பர் போட்ட வலைப்பையில் போட்டுக் கொடுப்பார்கள், மறுநாள் வாங்கிப் போவார்கள். அன்றைக்குக் காலையிலிருந்தே வந்து பைகளைத் திருப்பிக் கேட்டார்கள். துவைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, கொடு. மத்தியானம் உணவுக்கூடத்தில் வேலை பார்க்கும் நேபாளி நண்பர் வந்து, சாப்பிட ஆள் இல்லை, கழுவத் தட்டு பாதிகூட விழவில்லை என்றார். சாயங்காலத்துக்குள் ஓடுபாதையில் எப்போதும் நிற்கிற விமானங்கள் இல்லை, சிப்பாய்களும் இல்லை. இவர்கள் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளரிடம் கேட்டார்கள். ஷிப்ட் வழக்கம்போல்தான் என்று பதில் வந்தது.

"பதினெட்டு பேருங்க நாங்க. காலி மெஷினைப் பார்த்துக்கிட்டு நின்னோம். சைரன் அடிச்சதும் எங்க போறதுன்னு தெரியல. மெஷினுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டோம். சத்தம் மட்டும்தான், யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க."

"அப்புறம்?" என்றேன்.

"ரெண்டு மூணு நாள்ல பையெல்லாம் திரும்பி வந்துச்சுங்க. அதே நம்பர். நாங்க துவைச்சுக் கொடுத்தோம்."

ஒப்பந்தங்களைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறேன். ஓடுபாதை யாருக்கு, எரிபொருள் யார் தருவது, சிப்பாய் தப்புச் செய்தால் எந்த நீதிமன்றம் என்று வரிவரியாகச் சொல்வேன். அந்தச் சிப்பாயின் சட்டையைத் துவைக்கிறவர் எந்த வரியில் இருக்கிறார் என்று நான் தேடியதே இல்லை. ஹாஜாவின் வேலைக் காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். வேலை கொடுத்த கம்பெனி ஒரு நாட்டில் பதிவானது. அதற்கு வேலையைப் பிரித்துக் கொடுத்த இன்னொரு கம்பெனி வேறு நாட்டில். விசா கொடுத்தது தளம் இருக்கிற நாடு. பாஸ்போர்ட் இந்தியா. தளமோ அமெரிக்கா. ஐந்து பேர் பெயர் இருக்கிறது, சைரன் அடித்தால் இவர் யார் பொறுப்பு என்று ஒரு காகிதத்திலும் இல்லை. செல்வம் காட்டிய சொல்தா வீடும், நான் ஆமாம் என்று தலையாட்டியதும் ஞாபகம் வந்தது.

போக வேண்டாம் என்றேன். முன்பு சொன்னது தப்பு, மூன்று நாடும் ஒன்றுதான், தெரியாமல் உளறிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். ஹாஜா தரையைப் பார்த்தபடி, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று இழுத்தார். சபீரா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது உள்வாசல் கதவு திறந்தது. சுலைகா கூடத்துக்குள் வந்து மாப்பிள்ளைக்கு நேர் எதிரே நின்றாள். ஹாஜா பதறி எழுந்துவிட்டார்.

"மாப்புள்ள, நீங்க போக வேணாம். எம்புள்ளைக்கு நீங்க உசுரோட வேணும். நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றாள்.

சபீரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஹாஜா "சரி மாமி" என்றார். அந்தக் கூடத்தில் அவர் மாமியாருக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று பிறகு சுலைகா சொன்னாள்.

சாயங்காலம் 5.15. ஹாஜா வாசலில் நின்று ஏஜென்ட்டுக்குப் போன் செய்தார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பக்கத்துக் குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. வராவிட்டால் பரவாயில்லை, ஆனால் வழக்கப்படி ஊரிலிருந்து நம்பிக்கையான ஓர் ஆளைக் கொடுத்துவிட்டு நில்லுங்கள் என்றார். ஹாஜா பார்க்கிறேன் என்றார். இவர்கள் வேலையை விடும்போது ஏஜென்ட்டுகள் இப்படித்தான் கேட்பார்களாம். நான் அதைச் சம்பிரதாயம் என்று காதோடு விட்டுவிட்டேன். அன்று இனிப்பாகப் போட்ட வட்டிலப்பம் போல எங்கும் சாப்பிட்டதில்லை. ஓர் ஆளைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம், இரண்டு துண்டு கூடவே போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை, காலை 7.00. சுலைகாவோடு கடற்கரைக்குப் போனேன். அரசலாறு கடலில் சேர்கிற இடத்தில் விசைப்படகுகள் வரிசையாக நின்றன. சுலைகா மூத்த மாப்பிள்ளைகள் இருவரையும் பற்றிக் கேட்டாள். அவர்கள் தளத்தில் இல்லை, கடையில் இருக்கிறார்கள், இருந்தாலும் என் வாயால் இனி யோசனை வராது என்றேன். வருஷக்கணக்கில் அவள் கட்டிய ஏற்பாடு ஒரு நாளில் போய்விட்டது. அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ நான் ராத்திரி சரியாகத் தூங்கினேனா என்று விசாரித்தாள்.

பிற்பகல் 2.20. பேருந்து நிலையத்துக்குச் செல்வமே வந்தார். வண்டியில் நேற்று இல்லாத மல்லிகைச் சரம், சாமி படத்துக்கு. பாட்டு வேறு. அறுபது ரூபாயை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்.

"நல்ல சேதி டீச்சர், இன்னைக்கு உங்ககிட்ட காசு வாங்க மாட்டேன். ஹாஜா பாய் எம்பேரைக் கொடுத்துட்டாரு. காலைல ஏஜென்ட் கூப்புட்டு பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டாரு. ஒரு மாசத்துல விசா வந்துருமாம்."

பேருந்து நிலைய வாசலில், ஆட்டோவின் பின் இருக்கையில், பையை மடியில் வைத்தபடி இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நேற்று நான் சந்தோஷமாக இனிப்புச் சாப்பிட்டது இதற்குத்தான். தளத்தில் ஓர் இடம் காலியானால் அதை நிரப்ப அமெரிக்காவுக்கு ஒப்பந்தம்கூட வேண்டாம், சுலைகாவின் தெரு முனையே போதும். வலைப்பை, தட்டு, காலி ஓடுபாதை, பதினெட்டு பேர் என்று எல்லாவற்றையும் செல்வத்திடம் கொட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முழுவதும் கேட்டார். பாட்டை நிறுத்தினார்.

"எல்லாம் தெரியும் டீச்சர். பாய் ஒளிக்காம சொல்லித்தான் கேட்டாரு. சுலைகாம்மாவுக்கு மட்டும் தெரியாது, நீங்களும் சொல்லிராதீங்க. பாய்க்கு மாமியா வூடு இருக்கு, நிக்கச் சொல்ல ஆளு இருக்கு. நான் கடலுக்குப் போனாலும் புடிக்கிறாங்க. இந்த வண்டியும் எனக்குச் சொந்தமில்ல." சாமி படத்தில் சரிந்த மல்லிகைச் சரத்தை நேராக்கினார். "நீங்க இதையெல்லாம் படிச்சவங்க. அங்க சைரன் அடிச்சா எந்தப் பக்கம் ஓடணும், அத மட்டும் சொல்லிக்கொடுங்க."

இருபத்தாறு வருஷம் பாடம் எடுத்தவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன், அதுவும் ஹாஜாவிடம் நேற்றுக் கற்றது. சைரனுக்காகக் காத்திருக்காதீர்கள். ஈரத் துணியைத் திருப்பிக் கேட்டால், உணவுக்கூடத்தில் தட்டு குறைந்தால், அந்த நிமிஷமே பதுங்க எங்கே இடம் என்று பார்த்துவையுங்கள், வீட்டுக்கும் எனக்கும் போன் செய்யுங்கள்.

செல்வம் என் நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டார். "ஈரத்துணி கேட்டா. தட்டு கொறஞ்சா," என்று விலாசம் மனப்பாடம் செய்கிறவரைப் போல இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கும்பகோணம் பேருந்து கிளம்பியது. அம்பகரத்தூர் தாண்டித் தமிழ்நாட்டு வயல் வந்தபோது, காகிதக் கோடும் நெல்லும் என்று வகுப்பில் சொல்லும் அந்த அழகான வாக்கியம் ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

இதை எழுதி முடிக்கும்போது செல்வம் போய் இரண்டு வாரம் ஆகிறது. போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தை முழுதாக வைத்து, கரும்பலகைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பாடம் எடுக்கிறேன்.